புளித்த பிலிம்

அவர் முதலில் மோந்துதான் பார்ப்பார். நெகடிவ் கவரோ, ஸ்லைடு பெட்டியோ, யார் கொண்டுபோய்க் கொடுத்தாலும் உடனே திறக்க மாட்டார். மூடியை லேசாகத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு மூக்கை அருகே கொண்டுபோவார். பிறகு கொண்டுவந்தவரின் முகத்தைப் பார்ப்பார்.

"எதுல வெச்சிருந்தீங்க?"

"பீரோவுலதாங்க மேடம்."

"பீரோவுல வெச்சா இந்த வாடை வராது. பரண்ல இருந்திருக்கு. பூச்சிக்குப் பாச்சை உருண்டையும் போட்டிருக்கீங்க."

வந்தவர் தலையைக் குனிந்துகொள்வார். அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். ஆனால் சரியாக இருந்தது என்பதற்காக யாருக்கும் அவர்மேல் பிரியம் வந்துவிடவில்லை.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. தன் பெயர் எங்கே அச்சானாலும் எதற்காக என்று கேட்கிறவர். திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில் மாடி வீடு, தனியாக இருந்தார். இதற்கு மேல் எனக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவர் மேடம்தான்.

ஊர் விவரங்களைத் தேதியோடு எழுதிவைப்பது என் பழக்கம். எந்தத் தெருவுக்கு எப்போது தார் போட்டார்கள், எந்தச் சந்தில் பஸ் வருவது எப்போது நின்றது என்பதெல்லாம் என் டைரிகளில் இருக்கும். எழுதியதற்குத் துணையாக ஸ்லைடுகளும் எடுத்து வைத்திருந்தேன். அவற்றில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கியபோதுதான் அவரிடம் போனேன். ஐப்பசி மாதத்து அடைமழை, புதன்கிழமை. அவர் என் பெட்டியை மோந்துவிட்டு, வீட்டுக்குள்ளே கொண்டுபோகாமல் பால்கனியில் தனியாக நின்ற ஒரு மர அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"உள்ள வைக்க மாட்டீங்களா?"

"ஒண்ணு புளிச்சா பக்கத்துல இருக்கிறதையும் புளிக்க வெச்சுடும். புதுசா வந்தது கொஞ்ச காலம் வெளியதான் இருக்கணும்."

அந்தக் கொஞ்ச காலம் மார்கழி வந்தும் முடியவில்லை. வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் நசுங்கிப் போய்க் கேட்டேன். இன்னும் நம்பிக்கை வரவில்லை என்றார். என் ஸ்லைடுகள் மேலா, என் மேலா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

பழைய பிலிம்களில் ஒரு வகைக்கு ஒரு நோய் உண்டு. பிலிமின் பிளாஸ்டிக் உடல் மெல்லப் புளித்து, வினிகர் வாடை அடித்து, சுருங்கி நெளிந்துபோகும். ஈரமும் வெக்கையும் அதற்குத் தீனி. இரண்டுமே நம் ஊரில் குறைவில்லை. "போயும் போயும் ரெண்டு ஆத்துக்கு நடுவுல வந்து வீடு பிடிச்சேன் பாருங்க" என்று அவரே தன்னைத் திட்டிக்கொள்வார். வீட்டில் இரண்டு ஃபிரிட்ஜ். ஒன்றில் ஒரு கத்தரிக்காய்கூட இருக்காது, முழுக்க பிலிம் டப்பாக்கள். அதிலிருந்து எதை எடுத்தாலும் துண்டில் சுற்றி மேஜைமேல் வைத்துவிடுவார். குளிர் விட்டுப்போக மறுநாள்வரை யாரும் திறக்கக் கூடாது, வீட்டுக்குக் கொண்டுபோனாலும் கூடாது. ஒரு ரிடையர்டு வாத்தியார் பொறுக்காமல் ஆட்டோவிலேயே திறந்துவிட்டார். ஸ்லைடுகள் எல்லாம் முத்து முத்தாக வேர்த்துப்போயின. அவர் மறுபடி வந்தபோது மேடம் கதவைத் திறக்கவேயில்லை. ஜன்னல் வழியாக, "உங்களுக்கு அவசரம். எனக்கு இல்லை" என்றார்.

அக்கம்பக்கத்தில் அவரைப் பற்றி வேறு மாதிரிப் பேச்சு. கீழ் வீட்டுப் பெண்மணி என்னை மாடிப்படியில் நிறுத்திக் கேட்டார்.

"சார், நீங்க படிச்சவங்க, சொல்லுங்க. அமாவாசைக்கு அமாவாசை அரிசி வறுக்குறாங்க. சாப்பிடறதுக்கு இல்ல. செவக்கச் செவக்க வறுத்து, துணியில மூட்டை கட்டி, உள்ள கொண்டுபோயிடறாங்க. எதுக்குன்னா ஈரத்துக்குங்கிறாங்க. எந்த ஈரத்துக்கு?"

நன்றாக வறுத்த அரிசி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதைத் துணிப்பையில் கட்டி பிலிம் டப்பாவுக்குள் போடுவார். நான் டைரியைப் பார்த்தேன். நான் போன நாட்களில் பஞ்சமியன்றும் வறுத்திருக்கிறார், தசமியன்றும் வறுத்திருக்கிறார். அமாவாசையன்று வறுத்தது மட்டும்தான் கீழ் வீட்டாருக்கு வாடை அடித்திருக்கிறது. இதைச் சொன்னேன். "அப்ப தினமுமா?" என்று அவர் இன்னும் பயந்துபோனார்.

ஜமால் பாயை மேடத்திடம் அழைத்துப் போனது நான்தான். பாய் பாலக்கரையில் ஸ்டுடியோ வைத்திருந்தவர். சுற்றுவட்டாரத்தில் முக்கால்வாசிக் கல்யாணங்களுக்குக் கறுப்பு வெள்ளையில் அவர்தான் படம் எடுத்தார். கடையை மூடியதும் நெகடிவ்களைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, தகர டிரங்குப் பெட்டியில் பாச்சை உருண்டையோடு இறுக்கிப் பூட்டி வைத்துவிட்டார். பத்திரம் என்று அவர் நினைத்தது அதைத்தான்.

பெட்டியைத் திறக்க நேர்ந்தது செல்விக்காக. பாயின் பழைய கடைக்கு அடுத்த தையல் கடையில் வேலை பார்க்கிற பெண். அவள் கணவர் அரசு டிரைவர், இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. பிள்ளைகள் இல்லை. வாரிசுச் சான்றிதழ் கேட்டுப் போனபோது, கணவரின் அக்கா ஆட்சேபணை எழுதிக் கொடுத்திருப்பது தெரிந்தது. என் தம்பிக்குக் கல்யாணமே ஆகவில்லை, இந்தப் பெண் சும்மா கூட இருந்தவள் என்று எழுதியிருந்தார். தம்பி பெயரில் ஒரு வீட்டு மனை இருந்தது.

கல்யாணம் தொட்டியம் பக்கம் ஒரு சின்னக் கோயிலில் நடந்தது. ரசீது கிடையாது. தாலி எடுத்துக் கொடுத்த பூசாரியும் இப்போது உயிரோடு இல்லை. உய்யக்கொண்டான் வாய்க்கால் தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது ஆல்பத்தைக் கொண்டுபோய்விட்டது. ரேஷன் கார்டைக் காட்டினால், அது யார் வேண்டுமானாலும் எழுதி வாங்குவது என்று நாத்தனார் சொன்னார். "ஒண்ணு அவங்க ஆட்சேபணையை வாபஸ் வாங்கணும், இல்ல நீங்க ஆதாரம் காட்டணும்" என்று தாலுகா ஆபீசில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அந்தக் கல்யாணத்தைப் படம் எடுத்தது பாய்தான். அந்த ரோல் அவருக்கு நன்றாக நினைவிருந்தது.

"மூணாவது முடிச்சு போடறப்ப எடுத்தேன் சார். அந்த நாத்தனாரம்மாதான் முடிச்சு போடுது, செல்வி கழுத்துக்குப் பின்னாடி கை. 'அக்கா, இப்படி நிமிருங்க'ன்னு நான்தான் குரல் கொடுத்தேன். நேரா கேமராவப் பாத்துச்சு. அந்தப் படம் வந்துட்டா, இவளுக்குக் கல்யாணம் ஆகலன்னு எந்த வாயால சொல்லும்?"

அந்த ரோலில் அந்த ஒரு நெகடிவ்தான் தேறியது. ஆனால் அது வற்றிய குளத்துச் சேறு மாதிரி வெடித்து நெளிந்திருந்தது. கவரும் நடுவில் ஒட்டிக்கொண்டிருந்தது. பாயின் தங்கை மகன் அதை அப்படியே போனில் படம் பிடித்து, கறுப்பை வெள்ளையாகத் திருப்பிக் காட்டினான். கோயில் தூணை வைத்து இடம் எது என்று என்னால் சொல்ல முடிந்தது. மனிதர் யார் என்று சொல்ல முடியவில்லை. முகங்கள் இருந்த இடமெல்லாம் கோடு.

மேடம் மோந்து பார்த்தார். "முத்திப்போச்சு" என்றார்.

"காப்பாத்த முடியுமா?" என்று செல்வி கேட்டாள்.

மேடம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கு நிஜமாவே கல்யாணம் ஆச்சாம்மா?"

செல்விக்கு முகம் சிவந்துவிட்டது. பாய் ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான் அவர் கையைப் பிடித்தேன். அழுகையை அடக்கிக்கொண்டு, "ஆச்சுங்க" என்றாள் செல்வி.

"பாப்போம்."

பிறகு பல வாரங்கள் ஒன்றும் இல்லை. போன் செய்தால் இன்னும் ஆகவில்லை என்பார். நேரில் போனால் கதவை அரைவாசிதான் திறப்பார். உள்ளிருந்து நெடி வேறு அடித்தது. வினிகர் இல்லை, ஆஸ்பத்திரி மாதிரி ஏதோ.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் அவர் வீட்டுப் படியிலிருந்து ஒரு பெண்மணி இறங்கிவருவதைப் பார்த்தேன். தாலுகா ஆபீசில் ஏற்கெனவே பார்த்த முகம். செல்வியின் நாத்தனார். மேலே மேடம் வாசலில் நின்று, "அடுத்த தடவையும் நீங்களே வாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கதவு சாத்திக்கொண்டது.

பாயிடம் போய்ச் சொன்னேன்.

"விலை பேசிட்டாங்க சார்."

"அப்படிச் சொல்ல முடியாது பாய்."

"வேற எப்படிச் சொல்றது? அந்தப் படம் ஒண்ணு இல்லாமப் போனா அந்தம்மாவுக்கு மனை. சரி, அது வேணாம். கறுப்பு வெள்ளை பிலிம்ல வெள்ளி இருக்கு, தெரியும்ல? பழைய எக்ஸ்ரே பிலிமைத் தெருத்தெருவா எதுக்கு எடைக்கு வாங்குறான்? கழுவி வெள்ளி எடுக்கத்தான். என் டிரங்கு மொத்தமும் அங்கதான் இருக்கு. ஊர்க் கல்யாணம் பூரா அங்க இருக்கு சார்."

மறுநாள் இருவரும் போனோம். கீழே, மாடிப்படிக்கு அடியில், தண்ணீர்க் குழாய் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் பக்கெட். பாய்தான் குனிந்து பார்த்தார். பக்கெட் நிறைய பிலிம் துண்டுகள். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒன்றுமே இல்லை. கண்ணாடி மாதிரி வெறுமையாக இருந்தது. இன்னொன்று, அதுவும் வெறுமை. முகம் இல்லை, மாலை இல்லை, கறுப்பும் இல்லை.

"கழுவிட்டா சார்" என்றார் பாய். அவர் யாரையும் ஒருமையில் பேசி நான் கேட்டதில்லை.

கதவு திறந்ததும் அந்தத் துண்டை மேடத்தின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இது என்ன?"

"பிலிம்."

"படம் எங்க?"

"கையைக் கழுவிட்டு உள்ள வாங்க. ரெண்டு பேரும்."

சமையல் மேஜைமேல் வெள்ளைத் தட்டு ஒன்று. அதில் திரவம், அதன்மேல் ஏதோ மிதந்தது. மிக மெல்லியது, புகைநிறம், ஓரம் லேசாகச் சுருண்டிருந்தது. மேடம் தூரிகையால் அதைத் தொடாமல் தொட்டு நிமிர்த்தினார். அதில் ஒரு வீட்டு வாசலும் ஒரு சைக்கிளும் தெரிந்தன.

"பால் காய்ச்சுனா ஆடை வருதுல்ல, அது மாதிரிதான் பிலிமும். படம் இருக்கிறது மேல இருக்கிற ஆடையில. அடியில இருக்கிற பிளாஸ்டிக்தான் புளிச்சு சுருங்குது. அது சுருங்குறப்ப ஆடையையும் சேத்து இழுக்குது. அதான் மூஞ்சியெல்லாம் கோடு. ஆடையைப் பிரிச்சு விட்டுட்டா அது தானா நிமிர்ந்துக்கும். அப்புறம் கண்ணாடியில விரிச்சு வைக்கலாம். பக்கெட்ல கிடக்கிறது செத்த பிளாஸ்டிக்."

பாய் தட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னோடதை எல்லாம் பிரிச்சிட்டீங்களா?"

"உங்களோடது ஒண்ணையும் இன்னும் தொடல. இது எங்க வீட்டுது. எங்க அப்பா எடுத்தது."

"அவ்வளவுமா?"

"அடுத்தவங்க கல்யாணத்துல நான் கை பழக முடியுமா? முதல்ல பிரிச்சதெல்லாம் கிழிஞ்சுபோச்சு. இப்பத்தான் கொஞ்சம் நிக்குது. என் கையை நானே நம்பணும்ல?"

அதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தம் இருந்ததா என்று கவனித்தேன். இல்லை. அதனாலேயே நான் சந்தேகத்தை விடவில்லை.

"செல்வியோட நாத்தனார் இங்க எதுக்கு வந்தாங்க?"

"அரிசி போட. மண்ணச்சநல்லூர்ல அவங்க பையன் அரிசி வியாபாரம். வீட்டுல கொண்டுவந்து போடச் சொன்னேன்."

"ஸ்ரீரங்கத்துல அரிசி கிடைக்கலையா?"

"முகம் கிடைக்கலை." என்னைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை. "நெகடிவ்ல முகம் கறுப்பு, முடி வெளுப்பு. பெத்த தாய்க்கே அடையாளம் தெரியாது. இவர் சொல்றார், இதுதான் நாத்தனார்னு. இவர் அந்தப் பொண்ணுக்கு வேண்டியவர். இவர் சொன்னா நான் நம்பிடணுமா? அந்தப் பொண்ணு பொய் சொல்லலாம், அந்தம்மா நிஜம் சொல்லலாம். யாருக்குத் தெரியும்? வரவழைச்சுப் பக்கத்துல உட்கார வெச்சுப் பாத்தேன். பூதக்கண்ணாடியில கோட்டுக்கு நடுவுல தெரியுற தாடை, காது, நெத்தி. அதே ஆள்தான். இப்ப நம்புறேன்."

பாய் கையிலிருந்த வெறும் துண்டை மேஜைமேல் வைத்தார்.

"அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வாங்க" என்றார் மேடம். "அவகிட்ட ஒண்ணு கேட்டாத்தான் மேல கை வைக்க முடியும்."

செல்வி வந்ததும் அவளை விளக்கு மேஜைக்கு முன்னால் உட்காரவைத்து, கையில் பூதக்கண்ணாடியைக் கொடுத்தார்.

"இந்தப் பக்கம் உன் வீட்டுக்காரர். நடுவுல நீ. அந்தப் பக்கம் உன் நாத்தனார். கவர் ஒட்டிட்டிருக்கிறது உனக்கும் அவருக்கும் நடுவுல. எந்தப் பக்கத்துலேர்ந்து பிரிக்க ஆரம்பிக்கிறேனோ அந்தப் பக்கம் நிக்கும். மறுபக்கம் அநேகமா கவரோட போயிடும். எந்தப் பக்கம் வேணும்?"

செல்வி வெகுநேரம் குனிந்திருந்தாள். கல்யாணத்தில் அவர் இருந்த வேறு படம் அவளிடம் இல்லை என்பது எனக்குத் தெரியும். பாய் திரும்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவரு முகம் எனக்குத் தெரியும்ங்க" என்றாள் செல்வி. "இவங்க முகம்தான் ஆபீசருக்குத் தெரியணும்."

மேடம் தலையசைத்தார். வாய்ப்பேச்சாகக்கூட ஒரு ஆறுதல் சொல்லவில்லை. எங்கள் மூவரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைத் தாழிட்டார்.

மறுபக்கத்தையும் காப்பாற்றியிருக்க முடியாதா என்ற கேள்வி எனக்கு இன்றும் போகவில்லை. சுத்தமான ஆதாரம் ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்ற வேகத்தில் கொஞ்சம் சுலபமான வழியைப் பிடித்தாரோ என்று நினைப்பேன். உள்ளே நடந்ததை யாரும் பார்க்கவில்லை. அவர் கடைசிவரை அதைப் பற்றிப் பேசவுமில்லை.

படம் வந்தது. செல்வி குனிந்திருக்கிறாள். அவள் பிடரிக்குப் பின்னால் இரண்டு கைகள் தாலிச் சரடை இறுக்கிக்கொண்டிருக்கின்றன. அந்தக் கைகளுக்கு மேலே, கூப்பிட்ட குரலுக்கு நிமிர்ந்த முகம், வாய் சற்றே திறந்து, நேராக நம்மைப் பார்க்கிறது. செல்விக்கு மறுபக்கம், அவள் கணவர் நின்ற இடத்தில், கிழிந்த ஓரம், பிறகு வெறும் கறுப்பு.

"நேரா தாலுகா ஆபீசுக்குப் போயிடலாம்" என்றேன்.

"போய்?" என்றார் மேடம். "கம்ப்யூட்டர்ல பண்ணதுன்னு சொல்வாங்க. இந்தக் காலத்துல போட்டோவை யார் நம்புவா? நானா இருந்தா நம்ப மாட்டேன். இதை நம்பக்கூடிய ஆள் ஒருத்தர்தான் இருக்காங்க. அங்க போவோம்."

செவ்வாய்க்கிழமை மதியம் நான்கு பேரும் ஒரே ஆட்டோவில் மண்ணச்சநல்லூர் போனோம். பிரிண்டை இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து மேடம் மடியில் பிடித்துக்கொண்டார். செல்வி ஒருமுறை கேட்டாள், கொடுக்கவில்லை. பாய் கேட்டார், எடுத்தது நான் என்றுகூடச் சொன்னார். "எடுத்தீங்க. வெச்சிருந்த லட்சணத்தையும் பாத்தேன்" என்றார் மேடம். பாய் அதற்குப் பிறகு வழிநெடுகச் சிரித்துக்கொண்டே வந்தார்.

நாத்தனார் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். மகன் தராசுக்கு அருகில் நின்றான்.

"வாங்கம்மா. என்ன, அரிசி சரியில்லையா?" என்று ஆரம்பித்தவர், பின்னால் செல்வியைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "இவளை எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?"

"அரிசி நல்லாத்தான் இருக்கு. இதைப் பாருங்க" என்று மேடம் அட்டையைத் திறந்து, படத்தைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக் காட்டினார். "அங்கேயே நின்னு பாருங்க. கிட்ட வராதீங்க."

மகன் ஏதோ சொல்ல வந்தான். அந்த அம்மாள் கையைக் காட்டி அவனை நிறுத்தினார். படத்திலிருந்த முகம் அவரைப் பார்த்தது, அவர் அதைப் பார்த்தார். பக்கத்து அரிசி மில்லிலிருந்து ஒரே இரைச்சல். நான் அவர் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன், அழுவார் என்றும் எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை.

"என் தம்பி எங்கடி?" என்றார்.

செல்வி ஓரடி முன்னால் வந்தாள்.

"ரெண்டுல ஒரு முகம்தான் நிக்கும்னாங்க அண்ணி. உங்க முகம் வேணும்னுட்டு அவரு முகத்தை விட்டுட்டேன்."

அந்த அம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்தார். முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். பிறகு, இருந்த இடத்திலிருந்தே கழுத்தை நீட்டி, கிழிந்த ஓரத்தை உற்றுப் பார்த்தார். செல்வியின் தோளுக்கு அருகில், கறுப்பு தொடங்கும் இடத்தில், நாங்கள் யாரும் பொருட்படுத்தாத ஒன்று இருந்தது. சரடை விட்டுவிட்டு விலகும் ஒரு கையின் நுனி, இரண்டு விரல்கள்.

"இது அவன் விரல்" என்றார். "பாருடா, சுண்டுவிரல் மடங்கியிருக்கு பாரு. சின்னதுல வண்டிச் சக்கரத்துல மாட்டுனது. நான்தான் தூக்கிட்டு ஓடுனேன்."

மகன் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"போய் வண்டியை எடு. தாலுகா ஆபீஸ் சாத்துறதுக்குள்ள போயிட்டு வந்துடணும்."

"எதுக்கும்மா?"

"எழுதிக் குடுத்ததைத் திரும்ப வாங்க."

அவன் போனான். அந்த அம்மாள் கையை முந்தானையில் துடைத்தார், இன்னொரு முறை துடைத்தார், மேடத்தைப் பார்த்து நீட்டினார். நாங்கள் மூவரும் மேடத்தைப் பார்த்தோம். செல்விக்குக் கொடுக்காத படம், எடுத்தவருக்கே கொடுக்காத படம். அவர் இரண்டடி முன்னால் போய் அதைப் பொய் சொன்னவரின் கையில் வைத்தார்.

"ஓரத்தைப் பிடிங்க" என்றார்.